அத்தை வலமாகத் திருப்பிய நட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எலும்பில்தான் போய் நிற்கிறது. ஒருத்திக்கு முழங்கால் தேய்மானம், ஒருத்திக்குக் குதிகால் வலி, இன்னொருத்திக்குக் கழுத்தில் பட்டை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது எல்லாரும் அவரவர் எக்ஸ்ரேயை மொபைலில் காட்டிக்கொண்டிருந்தீர்கள். பேரப்பிள்ளை படத்தைக் காட்டுகிற பெருமை முகத்தில். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் உங்கள் யாருக்கும் பேச இடம் கிடைத்திருக்காது. எலும்பு விஷயத்தில் நான் உங்களுக்கெல்லாம் மூத்தவள். ஒன்பது வயதிலேயே என் கை எலும்பை வெட்டி, இழுத்து, நீட்டிவிட்டார்கள். அதைச் சொல்கிறேன். உங்கள் முழங்கால்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

எங்களுக்கு ஊர் எழுமலை. பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியின் உச்சியில் உட்கார்ந்து வருவேன் என்று அடம்பிடித்து, வாய்க்கால் மேட்டில் வண்டி ஏறி இறங்கியபோது வலது கை அடியில் சிக்க விழுந்தேன். அப்போது எனக்கு ஐந்து வயது. மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு ஒழுங்காகக் கூடியது. எல்லாரும் அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் எலும்பு வளருகிற இடம் ஒன்று உண்டு, அடி பட்டது அந்த இடத்தில் என்பது யாருக்கும் தெரியாது. நான் வளர்ந்தேன். என் வலது கை வளரவில்லை. வருடம் போகப் போக முழங்கைக்குக் கீழே குட்டையாகவே நின்று, உள்ளங்கை கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்துகொண்டது.

வலி கிடையாது. எழுதுவேன், சாப்பிடுவேன், தம்பியைத் தூக்குவேன், தெருவில் சண்டைக்கும் போவேன். ஒன்றே ஒன்றுதான் முடியாது. கும்பிட முடியாது.

சிரிக்காதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் நேராகச் சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சேராதவர்களுக்குத்தான் தெரியும். இடது கை நெஞ்சுக்கு நேரே நிற்கும். வலது கை சாய்ந்து வந்து அதன் மணிக்கட்டில் முட்டும். சேர்க்க வேண்டுமானால் முழங்கையைத் தூக்கி, தோளைக் கோணி, உடம்பையே வளைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும்போது ஒரு டீச்சர், ஒழுங்காகக் கும்பிடத் தெரியாதா, சாமிகிட்டயும் சேட்டையா என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு விஷயம் தெரிந்து பாவப்பட்டு, என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார். எனக்கு அந்த அடியைவிட அந்தக் கடைசி வரிசைதான் ஆறவில்லை. கோயிலில் குடும்பத்தோடு எடுத்த போட்டோ ஒன்றிலும் அப்படித்தான். எல்லாரும் கைகூப்பி நிற்க, நான் மட்டும் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் பாதி முகமாக இருப்பேன். அந்தப் போட்டோ இப்போது யாரிடமும் இல்லை. நல்லதுதான்.

மதுரையில் ஒரு டாக்டர் இருக்கிறார், ரஷ்யாக்காரர்கள் கண்டுபிடித்த முறையில் கையைச் சுற்றி வளையம் மாட்டி எலும்பை நீட்டுகிறார் என்று அப்பாவுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அப்பா என்னை அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எலும்பை நடுவில் வெட்டுவோம். மேலேயும் கீழேயும் வளையம் மாட்டி, மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் விட்டு, வளையங்களோடு இழுத்துக் கட்டிவிடுவோம். இரண்டு வளையத்துக்கும் நடுவே மரை போட்ட தண்டுகள். அதில் இருக்கிற நட்டுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினால் வளையங்கள் விலகும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். வெட்டின இடம் அந்த அளவுக்குத் திறந்துகொடுக்கும், உள்ளே புது எலும்பு வளர்ந்து நிரப்பும். சாய்வையும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திவிடலாம் என்றார்.

அப்பா விவசாயி. எதுவும் எங்கிருந்து முளைக்கிறது என்று தெரியாமல் அவருக்கு மனசு அடங்காது. சும்மா இருக்கிற இடைவெளியில் எலும்பு எங்கிருந்துங்கய்யா வரும் என்று கேட்டார். வரும், அவசரப்படாமல் இழுத்தால் வரும் என்றார் டாக்டர். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே மூன்று பேரிடம் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வாராவாரம் எக்ஸ்ரே எடுக்க வர வேண்டும். எழுமலையிலிருந்து அந்தக் கையோடு பஸ்ஸில் இடிபட்டு வருவது நடக்காது. திருநகரில் அப்பாவின் அக்கா இருந்தாள். எனக்கு அத்தை. மாமா மில்லில் வேலை பார்த்தவர், முந்தின ஐப்பசியில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் அடிபம்பு, முன்னால் ஒரு கொடிமல்லி. அங்கே என்னை விடுவது என்று அப்பா முடிவு செய்தார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அத்தை மேல் கோபம் எதுவும் கிடையாது. மாமா செத்து வருஷம் திரும்பவில்லை, அந்த வீட்டில் போய்ப் பிள்ளைக்கு நல்ல காரியம் ஆரம்பிக்கிறதா என்பதுதான். ஆனால் அம்மாவால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. தம்பி கைப்பிள்ளை. தவிர, என் கையில் கம்பி நுழைந்திருக்கிற இடத்தைப் பார்த்தாலே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை விழுந்தேவிட்டாள். அவள் பங்குக்கு, கை நேரானால் வெள்ளியில் ஒரு கை செய்து போடுவதாகக் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள்.

அந்த வளையத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சைக்கிள் கடையில் வேலை பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கும். கனம் வேறு. எந்தக் கவுனின் கையிலும் நுழையாது. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவள்தான் என் கவுன்களின் வலது கையைத் தோள்வரைக்கும் பிரித்து, ஓரம் அடித்து, வரிசையாக ஊக்கு வைத்துக் கொடுத்தாள். மதியம் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் மாமியாருக்குத் தெரியாமல் கொல்லை வழியாக வந்து என்னோடு கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற சொட்டாங்கல் விளையாடுவாள். விரலை மடக்கி விரித்துக்கொண்டே இருக்க வேண்டும், எலும்பு நீளும்போது நரம்பும் சதையும் இழுபட்டு விரல் சுருண்டுகொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயிற்சியை யார் செய்யச் சொன்னாலும் நான் செய்யமாட்டேன். சொட்டாங்கல்லில் தோற்பது மட்டும் எனக்கு ஆகாது. அதனால் விரல் தானாக விரிந்தது.

அத்தை வீட்டில் நினைவிருப்பதெல்லாம் வாசனைதான். கம்பி நுழைகிற இடங்களைத் துடைக்கத் துணியை இட்லிப் பானையில் வேகவைப்பாள். அந்த ஆவி வாசனை, டெட்டால் வாசனை, அதற்கு மேல் சாயங்காலம் வந்தால் கொடிமல்லி. அத்தை பூ வைத்துக்கொள்வதில்லை. பறித்துக் கட்டி என் தலையில் வைத்துவிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். அப்போது எனக்கு அது ஏன் என்று தோன்றவில்லை. அத்தைகளுக்குப் பூ பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு மூன்று நாள் அப்பா அங்கேயே தங்கி நட்டைத் திருப்பினார். ஒவ்வொரு நட்டின் விளிம்பிலும் டாக்டர் சிவப்பு நெயில்பாலிஷால் சின்ன அம்புக்குறி போட்டிருந்தார். அது காட்டுகிற பக்கம் திருப்ப வேண்டும். காலை, மதியம், சாயங்காலம், படுக்கப்போகும்முன். சின்ன ஸ்பேனர் ஒன்று கொடுத்திருந்தார்கள், என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். அப்பா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவார். வலித்தது. சுள்ளென்று இல்லை, உள்ளே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது போல ஒரு வலி. நான் போட்ட சத்தத்தில் அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அப்பா ஊருக்குப் போய்விட்டார். ஸ்பேனர் அத்தை கைக்கு வந்தது. அத்தை எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். என் கையை இலவம்பஞ்சுத் தலையணை மேல், விரல்கள் தன் பக்கம் இருக்க நீட்டி வைத்துக்கொள்வாள். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அத்தையின் கை மெத்தென்றிருக்கும், ஸ்பேனர் பட்டதே தெரியாது. அதிசயம் என்னவென்றால், அவள் திருப்ப ஆரம்பித்த மறுநாளே வலி குறைந்தது. அதற்கு அடுத்த நாள் சுத்தமாக இல்லை.

வீடே சந்தோஷப்பட்டது. அத்தை ஆட்டுக்கால் சூப் வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா திருப்பரங்குன்றம் போய்த் திருநீறு வாங்கி வந்து பூசினாள். அந்த வாரம் வந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி கண் திறந்துவிட்டது என்றாள், அத்தைக்கு நல்ல கைராசி என்று அவள் வாயாலேயே சொன்னாள். அத்தை அடுப்படிக்குள் போய்விட்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தோம். இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. வலி போனதற்காக நாங்கள் அத்தனை பேரும் பூரித்துப்போய் இருந்தோம்.

மறுநாள் எக்ஸ்ரே. அப்பா, அம்மா, அத்தை, நான் நாலு பேரும் டாக்டர் அறையில் நின்றோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியை விட்டுப் போனபோது எடுத்த படத்தை எடுத்து அதன் பக்கத்தில் மாட்டினார். திரும்ப என் கையைப் பிடித்து நட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். திறந்திருக்க வேண்டிய இடம் திறக்கவே இல்லை, இருந்ததைவிட நெருக்கிக்கொண்டு போயிருக்கிறது என்றார். யாரோ நட்டைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள்.

யார் திருப்பினது என்று கேட்டார். அத்தை, நான்தான் என்றாள். அம்புக்குறி போட்டிருக்கிறேனே, தெரியவில்லையா, படித்தவர்கள் யாரும் வீட்டில் இல்லையா என்று டாக்டர் சத்தம் போட்டார். அத்தை பத்தாவது படித்தவள். தினமும் பேப்பர் படிப்பாள். அதை அவள் சொல்லவில்லை.

"தெரிஞ்சது டாக்டர்" என்றாள்.

"பின்னே?"

"அது இடமாப் போகுது."

டாக்டருக்குப் புரியவில்லை. அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன ஐப்பசியில எங்க வீட்டுக்காரரை நடுவீட்டுல கெடத்தி, நான் இடமாச் சுத்தி வந்தேன். அதுக்குத்தான் இடமாச் சுத்துவாக. பிள்ளை கையில போயி அப்படிச் சுத்த எனக்குக் கை வரல. நீங்க எதிர்ப்பக்கம் நின்னு குறி போட்டுருப்பீக, மாறிப்போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு வலமாவே திருப்பிட்டேன்."

கோயிலைச் சுற்றினால் வலம், மணமேடையைச் சுற்றினால் வலம், புது மாட்டுக்கு ஆரத்தி சுற்றினால்கூட வலம். செத்தவர்களுக்கு மட்டும்தான் இடம். இது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்பா கட்டிலில் என் பக்கம் உட்கார்ந்து திருப்பினார், அவருக்கு அந்த இடைஞ்சல் வரவில்லை. எதிரே உட்கார்ந்த அத்தைக்கு வந்துவிட்டது.

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், இதற்குள் ஒட்டியிருந்தால் மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து வெட்ட வேண்டியதுதான் என்றார். ஒட்டவில்லையென்றால் தப்பித்தோம். இன்று முதல் சரியான பக்கம் திருப்புங்கள், நாலைந்து நாள் கழித்துப் படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். மறுபடியும் வெட்டுவது என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போல ஆகிவிட்டது. ஒருவேளை இனிமேல் சேராமலே போய்விடுமோ என் கை, கடைசி வரிசைதானோ எப்போதும் என்று நினைத்து அழுதேன்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். "தாலியறுத்த கையில பிள்ளையக் குடுக்க வேணாம்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

அப்பா அம்மாவை அதட்டினார். ஆனால் அவர் குரலில் வலு இல்லை. முந்தின நாள் கைராசி என்றவளும் இவளேதான். அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஸ்பேனரை அவிழ்த்து பெஞ்சு மேல் வைத்தாள். அப்பா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்கால பஸ்ஸுக்கே என்னை எழுமலைக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

திருநகர் வந்து சேர்ந்தோம். அம்மா என் துணிமணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். மதியத் திருப்புக்கு நேரமாகிவிட்டது. அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்ட பயத்தில் அவர் நட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு திருப்பப் போனார். ஸ்பேனர் நழுவிக் கம்பியில் இடித்தது. நான் அலறினேன். அவர் இரண்டாவது தடவை முயற்சி செய்தார், அது இன்னும் மோசம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரி என்பது உங்களுக்குத் தெரியும், அப்போதே அப்படித்தான். நீ தொடாதே, அத்தை திருப்பட்டும், இல்லையென்றால் யாருமே தொடக்கூடாது என்று கத்தினேன்.

அத்தை அடுப்படியை விட்டு வரவில்லை. எனக்கு அது ஆகாது தாயி, அப்பா திருப்புவாக என்று அங்கிருந்தே சொன்னாள்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், அன்றுதான் அந்தச் சிவப்பு அம்புக்குறிகளை ஒழுங்காகப் பார்த்தேன். ஒன்றன் போக்கில் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு அது இடமாகப் போகவில்லை. சித்திரைப் பொருட்காட்சியில் தமுக்கம் மைதானத்தில் பார்த்த ராட்டினம் நினைவுக்கு வந்தது. டிக்கெட் வாங்குகிற பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி சுற்றும். அந்தண்டைப் பக்கம் போய் நின்று பார்த்தால் மறுமாதிரி சுற்றும். அதே ராட்டினம்தான். அதைப் பற்றி அப்பாவிடம் தொணதொணத்து அந்த வருஷம் ஒரு குட்டும் வாங்கியிருக்கிறேன்.

"அத்தை, நீ ஏன் அங்கிட்டு உக்காந்து திருப்புற? இங்கிட்டு எங்கூட வந்து உக்காரு. எம்பக்கம் இருந்து பாத்தா வலமாத்தான் போகுது."

அத்தை வாசல்படியில் வந்து நின்றாள். நான் நகர்ந்து எனக்குப் பின்னால் இடம் விட்டேன். பிறகு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து, என்னை மடியோடு சேர்த்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அம்புக்குறியின் போக்கில் ஒரு விரலைச் சுற்றினாள். நிறுத்தினாள். மறுபடியும் சுற்றினாள்.

"ஆமா" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா எழுந்து எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். இங்கிட்டு இடமாத்தான் தெரியுது என்றார். திரும்ப எங்கள் பக்கம் வந்து பார்த்தார். மறுபடியும் அங்கே போனார். பெரிய மனுஷன், ஒரு சின்ன நட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அத்தை வாங்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா பையை மூடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. மூடின பையைத் திறந்து, ஊக்கு வைத்த கவுன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் திரும்பவும் போட்டாள். எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, "மதினி, மத்தியானத் திருப்புக்கு நேரமாச்சுல்ல" என்றாள்.

அத்தை ஸ்பேனரை வாங்கி வலமாகத் திருப்பினாள்.

அன்று வலிக்கவில்லை. மறுநாளும் பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு தடவை திருப்பியதும் என் முகத்தைப் பார்ப்பாள். முன்பு வலிக்கவில்லை என்றால் சிரித்தவள், இப்போது வலிக்கவில்லை என்றால் சுருங்கிப்போனாள். ஒட்டிவிட்டதோ என்று அவளுக்குப் பயம். அதற்கு அடுத்த நாள் காலையில் திருப்பும்போது அது வந்தது. உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிற பழைய வலி. ஆ என்று கத்தினேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நெசமா வலிக்குதா தாயி?"

"நெசமாத்தான், விடு."

அத்தை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே கொல்லைப் பக்கம் ஓடி, வலிக்குதாம், பிள்ளைக்கு வலிக்குதாம் என்று சுவருக்கு மேலே சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா மாமியாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று முன்வாசல் வழியாகவே வந்துவிட்டாள். அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லி என் கன்னத்தைக் கிள்ளி, வாயில் ஒரு பிடி சீனியைப் போட்டாள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். ஒரு பிள்ளை வலியில் துடிக்கிறது, இவர்கள் சீனி கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். இப்போது அந்தச் சீனியின் ருசி நாக்கில் இருக்கிறது, வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் முடி அளவுக்கு ஒரு கோடு திறந்திருந்தது. டாக்டர் பென்சில் முனையால் அதைக் காட்டினார். மறுபடியும் வெட்ட வேண்டாம் என்றார். அத்தையிடம், எந்தப் பக்கம் உட்கார்ந்து திருப்புகிறீர்கள் என்று கேட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை மடியில் வைத்துக் காட்டினாள். டாக்டர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, குனிந்து அங்கிருந்து என் கையைப் பார்த்தார். சரிதான் என்று சிரித்தார். அன்று கோபப்பட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொறுமைதான். வாராவாரம் அந்தக் கோடு அகலமானது. முதலில் ஒன்றுமில்லாத இருட்டாக இருந்தது, பிறகு அதில் புகை மாதிரி ஏதோ தெரிந்தது, பிறகு புகை கெட்டியானது. அப்பா ஒவ்வொரு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வருது, வருது என்பார். நடுவில் கம்பி ஒன்றில் சீழ் வைத்துக் காய்ச்சலில் கிடந்தேன். விரல்கள் இரண்டு தடவை சுருண்டுகொள்ளப் பார்த்தன. சொட்டாங்கல் விடவில்லை. கால் சுற்று திருப்பும்போதெல்லாம் அத்தையின் மோவாய் என் தோளில் இருந்தது. அவள் மூச்சில் ஏலக்காய் வாசனை வரும்.

வளையத்தைக் கழற்றி, அதன்பிறகு போட்ட மாவுக்கட்டையும் பிரித்த நாளில் கை மெலிந்து, வெளுத்து, செதிள் செதிளாக உரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் நேராக இருந்தது. டாக்டர் தன் கைகளைச் சேர்த்துக் காட்டி, இப்படிச் சேர் பார்க்கலாம், அளவு பார்க்கணும் என்றார். நான் இரண்டு கையையும் கொண்டுவந்தேன். தோளைக் கோணவில்லை. முழங்கையைத் தூக்கவில்லை. உள்ளங்கையும் உள்ளங்கையும் வந்து ஒட்டின. வலது விரல்கள் மட்டும் இடது விரல்களுக்குக் கொஞ்சம் கீழே நின்றன. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கின்றன. ஒரு விரல் அகலம் பாக்கி. போனால் போகிறது.

டாக்டர் அளந்துகொண்டிருக்கும்போதே நான் சேர்த்த கைகளோடு திரும்பினேன். அத்தை கதவோரம் நின்றிருந்தாள். சுப காரியம் நடக்கிற இடங்களில் அவள் அப்போதெல்லாம் கதவோரம்தான் நிற்பாள். அவளைப் பார்த்துக் கும்பிட்டேன். என் ஆயுசில் ஒழுங்காகச் செய்த முதல் கும்பிடு அது. அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் என்னைத் திருப்பிக் கும்பிட்டுவிட்டாள். அம்மா பின்னாலிருந்து என் தலையில் கை வைத்து அழுத்தி, "அத்தை கால்ல விழுந்து கும்பிடு" என்றாள். டாக்டர், நர்ஸ், வரிசையில் நின்றவர்கள் எல்லார் முன்னாலும் விழுந்தேன்.

வெள்ளிக் கையைக் கோயில் உண்டியலில் போடும்போது அம்மா அத்தையையும் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் நானாகவே முதல் வரிசையில் போய் நின்றேன். என்னை யாரும் அங்கே நிறுத்தவில்லை, நகர்த்தவும் இல்லை. அதற்குப் பிறகு இந்தக் கையால் என்னென்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். ஸ்கூட்டி ஓட்டுகிறேன், சேலை மடிப்பு வைக்கிறேன், நீங்கள் சண்டைக்கு வந்தால் விரலை நீட்டிப் பேசுகிறேன்.

போன வருஷம் அத்தை போய்விட்டாள். அதே திருநகர் வீடு. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டிருந்தார்கள், வேப்பமரம் இருக்கிறது. அவள் பீரோவில் அந்த ஸ்பேனரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அத்தையை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வாய்க்கரிசி போடச் சுற்ற ஆரம்பித்தார்கள். பிள்ளை முறைக்கு நான் முன்னால் நின்றேன். கையில் அரிசியை அள்ளிக்கொண்டு இடமாகச் சுற்றினேன்.

முதல் சுற்றில் எனக்குக் கால் எழவில்லை. அத்தைக்கு அன்று கை வராமல் போனது இப்படித்தான் என்று அப்போது புரிந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். மேலே பார்த்துப் படுத்திருந்தாள். நிற்கிற எங்களுக்குத்தான் இது இடச்சுற்று. அவள் பக்கம் படுத்து மேலே பார்த்தால் நாங்கள் எல்லாரும் வலமாகத்தான் வந்துகொண்டிருப்போம். அதற்குப் பிறகு என்னால் நடக்க முடிந்தது.

சுற்றி முடித்துத் தலைமாட்டில் வந்து நின்றேன். ஏற்கெனவே அழுது விழுந்து கிடந்தவர்கள் குறுக்கே இருந்தார்கள், கிட்டப்போக வழியில்லை. அவர்களுக்கு மேலே வலது கையை நீட்டி அரிசியைப் போட்டேன். கை எட்டியது.